உருமத்தில் எடுத்த படம்

பேய்க் கதை என்றால் அமாவாசை ராத்திரி, நாய் ஊளை, ஒற்றைப் புளியமரம் என்று ஆரம்பிப்பார்கள். இதில் அது ஒன்றும் கிடையாது. இது நடந்தது பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில். மணி பன்னிரண்டு பத்து. நேரத்தை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து அந்த நிமிஷமே நோட்டில் எழுதி வைத்த நேரம் அது. அந்த நோட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை.

எழுதியவர் அருப்புக்கோட்டை நெசவுக்காரர் சௌடையா செட்டியார். பொய் சொல்லக் கூசாத மனிதர்தான், அதை அவரே ஒத்துக்கொள்வார். ஆனால் இந்த விஷயத்தில் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள அவர் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அதனாலேயே நான் நம்புகிறேன். நீங்கள் நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

எங்கள் பக்கம் உச்சிவேளையை உருமம் என்பார்கள். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. அந்த நேரத்தில் கரிசல் காட்டில் ஈ காக்காய் இருக்காது. ஆடு மேய்க்கிறவன்கூட ஆட்டை மடக்கிக்கொண்டு உடைமர நிழலுக்குப் போய்விடுவான். உருமத்தில் யாராவது கூப்பிட்டால் திரும்பக் கூடாது. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் நிற்கக் கூடாது. பாழுங்கிணற்றுப் பக்கம் தலையே காட்டக் கூடாது. இதெல்லாம் எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சௌடையாவுக்கும் நன்றாகத் தெரியும். அவருக்கு அது தெரியாமலே இருந்திருந்தால் தேவலை என்று நான் பல நாள் நினைத்ததுண்டு.

வருஷம் 1944. யுத்த காலம். நூலுக்குக் கட்டுப்பாடு வந்து அருப்புக்கோட்டையில் பாதித் தறிகள் சும்மா கிடந்தன. சௌடையாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வீட்டில் மனைவி பாலாமணியும் இரண்டு பிள்ளைகளும். தறிக்குழியில் உட்கார்ந்து கொசுவை விரட்டிக்கொண்டிருந்தவருக்கு வேலை கொடுத்தவள் ஒரு துரைசானி.

அவள் சுவீடன் தேசத்துக்காரி. இங்கிரிட் என்று பெயர், ஊர் அவளை இங்கிரீத்தம்மாள் ஆக்கிவிட்டது. ஆறு மாதம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், யுத்தம் மூண்டு கப்பல் நின்றதும் இங்கேயே தங்கிவிட்டாள். திரும்பிப் போக மனசும் இல்லை. இந்தத் தேசத்தின் மேல் அவளுக்கு அப்படி ஒரு பித்து. பைபிளை வைத்துத் தமிழ் படித்தவள். "நான் இந்தத் தேசத்தையும் இதன் ஜனங்களையும் மிகவும் நேசிக்கிறேன்" என்று கீரைக்காரியிடம்கூடச் சொல்வாள். கீரைக்காரி ஒரு கட்டு கூடக் கொடுத்துவிட்டுப் போவாள்.

நேசம் என்றால் படம் பிடிப்பதுதான். வில்வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். கோவில், கண்மாய், பருத்தி எடுக்கிற பெண்கள், முகத்தில் கோடு விழுந்த கிழவர்கள், எல்லாம் அவளுக்கு அழகு. தன் தேசத்துக்குத் திரும்பியதும் ஒரு பெரிய புத்தகம் போடுவதாக எண்ணம். பெட்டியையும் மூன்று கால் ஸ்டாண்டையும் சுமப்பது சௌடையா வேலை. ஒவ்வொரு படத்துக்கும் ஊர், ஆள், நேரம் மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். நம் ஆட்கள் வேகமாகப் பேசினால் அவளுக்கு ஒரு மண்ணும் புரியாது. அதை நிதானமான தமிழில் மாற்றிச் சொல்வதும் அவர்தான்.

காமிரா பெரிய மரப்பெட்டி. அதன் பின்பக்கம் ஒரு மங்கல் கண்ணாடி. கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பார்த்தால் எதிரே உள்ளதெல்லாம் அந்தக் கண்ணாடியில் தலைகீழாக விழும். தரை மேலே, வானம் கீழே. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பிளேட்டைச் செருகி, முன்னால் இருக்கும் மூடியைக் கழற்றி, மூன்று எண்ணி, மறுபடி மூட வேண்டும். படம் அந்தப் பிளேட்டில் ஏறிவிடும்.

யுத்தத்தில் பிளேட்டுக்குப் பஞ்சம். மதுரையிலிருந்து மாதம் பத்து வந்தால் பெரிது. ஆனால் பெட்டியைக் கண்டதும் சனம் விடுமா? காரியாபட்டிச் சந்தையில் ஒரு நாள் கூட்டம் மொய்த்துக்கொண்டது. என்னை எடு, என் மாட்டை எடு, என் மாமனை எடு என்று ஒரே கூப்பாடு. அப்போது யோசனை சொன்னவர் சௌடையா. பிளேட்டே இல்லாமல் வெறும் பெட்டியை நீட்டி, மூடியைக் கழற்றி மூடினால் போதும். எடுத்தாச்சு என்று போய்விடுவார்கள்.

துரைசானி முகத்தைச் சுளித்தாள். "இது வஞ்சகம் அல்லவா?"

"சந்தோசமாத்தானம்மா போறாக."

அவள் யோசித்தாள். சந்தோஷம் கொடுப்பதில் என்ன பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். அதிலிருந்து இரண்டு பேருக்கும் ஓர் ஏற்பாடு. அவள் "அழகு" என்றால் பெட்டியில் பிளேட்டு உண்டு. "மிக அழகு" என்றால் பெட்டி காலி. அவளிடம் வேலை பார்த்த இரண்டு வருஷத்தில் எத்தனை பேர் "மிக அழகு" கேட்டு முகம் மலர்ந்து வீட்டுக்குப் போனார்கள் என்று சௌடையாவுக்கே தெரியாது.

மாசி மாதம் திருச்சுழிக் கோவில் வாசலில் பெட்டியை இறக்கியபோது ஒரு பெண் ஓடி வந்தாள். மாரிக்கனி என்று பெயர். இருபது வயதுகூட இருக்காது. கையில் மூன்று மாதப் பிள்ளை.

"அண்ணே, ஒரே ஒரு படம். எம் பிள்ளைய மட்டும் எடுத்துக் குடுங்க."

"எதுக்குத் தாயி?"

அவள் மூச்சு விடாமல் சொன்னாள். புருஷன் கோட்டைச்சாமி பட்டாளத்தில் இருக்கிறான். லீவு முடிந்து அவன் போன எட்டாவது மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. மாமியார் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். மகனுக்குக் கடிதம் போட்டாள். அவனிடமிருந்து பதில் வந்தது. பிள்ளையின் படத்தை அனுப்ப வேண்டும். தன் ஜாடை இருந்தால் சித்திரை லீவில் வருவான். இல்லாவிட்டால் அவள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

"அவுகள உரிச்சு வச்ச மாதிரி இருக்குண்ணே. மொகத்தப் பாத்தா போதும், நம்பிருவாக. படம் போகலன்னா என்னைய வெளிய தள்ளிருவாக. எனக்கு அப்பன் ஆத்தா இல்ல. போக்கிடம் கிடையாது."

"இவள் என்ன சொல்கிறாள்?" என்று துரைசானி கேட்டாள்.

அன்று மிச்சம் இருந்தது நான்கே பிளேட்டு. கோபுரத்துக்கு வேண்டும். மணி பத்தாகிவிட்டது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சௌடையாவுக்குப் பசி வேறு.

"படம் வேணுங்குறாம்மா" என்றார். அவ்வளவுதான் மாற்றிச் சொன்னது.

துரைசானி பிள்ளையின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். பிறகு பெட்டிக்குப் பின்னால் போய் நின்று, "மிக அழகு" என்றாள்.

மாரிக்கனி பிள்ளையின் முகத்தை ஈரத்துணியால் துடைத்தாள். மடியில் நேராக உட்கார வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டாள். தான் கண் சிமிட்டினால் படம் கெட்டுவிடும் என்று மூன்று எண்ணும் வரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் முந்தானையிலிருந்து நான்கு கோழிமுட்டையை எடுத்துச் சௌடையா கையில் வைத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"எப்பண்ணே வரும்?"

"கழுவணும், காய வைக்கணும். ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாதம் அவள் பொறுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்து மைல் நடந்து அருப்புக்கோட்டைக்கே வந்தாள். இன்னும் காயவில்லை என்று சொல்லி அனுப்பினார். மறுபடி வந்தாள். மதுரைக்குப் போயிருக்கிறது என்றார். நான் அவரிடம் ஒரு தடவை கேட்டேன், துரைசானியிடம் ஒரு பிளேட்டு கேட்டு நிஜமாகவே எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று.

"கேட்டிருந்தா குடுத்திருக்கும்யா, அந்தம்மா. எனக்குக் கேக்கத் தோணல. பொய்யச் சொன்ன பெறகு அவ மூஞ்சியப் பாத்தாலே எரிச்சலா வந்துச்சு."

இப்படி ஒரு பதிலைக் கேட்டால் கன்னத்தில் அறையத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் என் வாழ்க்கையிலும் அப்படி எரிச்சல் பட்ட முகங்கள் உண்டு. கையை மடக்கிக்கொண்டேன்.

பங்குனி மாதம் துரைசானி மறுபடி திருச்சுழிக்கு வந்து பயணிகள் பங்களாவில் தங்கினாள். புதன்கிழமை சாயங்காலம் நான்கு மணி. சௌடையா தெருவில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார். மாரிக்கனி எதிரே வந்து நின்றாள். உதடு வெடித்திருந்தது. கையில் ஒரு கடிதம்.

"சித்திரை பொறந்தா அவுகளுக்கு லீவுண்ணே. படம் எங்கன்னு கேட்டு எழுதிருக்காக. மாமியா ரெண்டு நாளா அடுப்படிக்குள்ள விடல. நான் துரைசானி கால்ல விழுந்து கேட்டுக்கிறேன். அவுக எங்க இருக்காக?"

துரைசானி இருநூறு அடி தூரத்தில், பங்களாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். இவள் போய்க் காலில் விழுந்தால், அன்று அவள் சொன்னதை மறைத்தது, பிறகு சொன்ன பொய், எல்லாம் வெளியே வந்துவிடும். வேலை போய்விடும், மறுபடி தறிக்குழிதான்.

"அவுக நரிக்குடியில இருக்காக" என்றார் சௌடையா. "ரோட்டுல போகாத. காட்டுக்குள்ள குறுக்கால விழுந்து போ. கொஞ்சம் எட்டி நட."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை. துரைசானிக்குத் திடீரென்று நரிக்குடிக் கண்மாயைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. வண்டி எட்டு மணிக்குக் கிளம்பி, ரோட்டை விட்டுக் காட்டுத் தடத்தில் இறங்கியது. ஓட்டியவர் பொன்னுச்சாமி என்று ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். நரிக்குடியில் மாரிக்கனி உட்கார்ந்திருந்தால் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தபடியே சௌடையா வந்தார். பெட்டியில் இரண்டே பிளேட்டு மிச்சம்.

மணி 11.20. ஒரு வறண்ட கண்மாய். உள்ளே இரண்டு பனை. துரைசானி வண்டியை நிறுத்தச் சொன்னாள். சௌடையா ஸ்டாண்டை விரித்தார். அவள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள்.

"சௌடையா, அந்தப் பெண் யார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்மாய்க்குள் ஐம்பது அடி தள்ளி மாரிக்கனி நின்றாள். பிள்ளையை இடுப்பில் வைத்து முந்தானையால் மூடியிருந்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அங்கே யாரும் இல்லை. ஒளிந்து வர ஒரு செடிகூட இல்லாத வெட்டவெளி அது.

"அவள் மட்டும் ஏன் நேராகத் தெரிகிறாள்?"

என்ன கேட்கிறாள் என்று சௌடையாவுக்குப் புரியவில்லை. அவள் விலகியதும் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். மங்கல் கண்ணாடியில் இரண்டு பனையும் தலைகீழாகத் தொங்கின. தரை மேலே இருந்தது. வானம் கீழே இருந்தது. எப்போதும் போலத்தான். ஆனால் மாரிக்கனி நேராக நின்றாள். தலை மேலே, கால் கீழே. காலுக்கு அடியில் வானம்.

வெடுக்கென்று தலையை வெளியே இழுத்தார். மாரிக்கனி பத்தடி தூரத்தில் நின்றாள்.

புதன்கிழமை கட்டியிருந்த அதே சேலை. ஒரு பக்கத் தலைமுடி பூராவும் கரிசலுக்கு அடியில் கிடக்கிற வெள்ளைச் சுக்கான் மண். மூடிய முந்தானைக்குள் பிள்ளை அசையவில்லை.

"அண்ணே..."

காலிப் பானைக்குள் வாயை வைத்துப் பேசினால் ஒரு சத்தம் வருமே, அப்படிக் கேட்டது. வெட்டவெளியில், சுற்றிலும் ஒரு சுவரும் இல்லாத இடத்தில், அவள் குரல் எதிரொலித்தது.

"நரிக்குடிக்குத்தான் வாரோம். அங்க வந்து பேசு" என்றார்.

"படம் வேணாம்ணே."

"பெறகென்ன?"

"வந்து பாருங்க."

கையை நீட்டிக் கிழக்கே காட்டினாள். சௌடையா என்ன நினைத்தார் தெரியுமா? பொய் தெரிந்துவிட்டது, சாதிசனத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு வம்புக்கு இழுக்கிறாள் என்று நினைத்தார். மளமளவென்று ஸ்டாண்டை மடக்கினார்.

"இவள் என்ன சொல்கிறாள்?"

"பைத்தியம்மா. வெயில்ல திரியுது. ஏறுங்க."

வண்டி நகர்ந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். கண்மாயில் யாரும் இல்லை.

மணி 11.45. தடம் ஒரு வளைவில் திரும்பியது. வளைவைத் தாண்டி, வண்டிக்கு முன்னால், அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மாடு இரண்டும் நின்றுவிட்டன. மூக்கு விடைத்தது. பொன்னுச்சாமி தார்க்குச்சியால் குத்தினார். அசையவில்லை.

"அண்ணே... வந்து பாருங்க."

உதடு அசைந்தது. குரல் உதட்டிலிருந்து வரவில்லை. எங்கோ தள்ளி, கிழக்கே இருந்து வந்தது. வெடித்த கரிசல் மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது.

சௌடையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நேரத்தைப் பார்த்தார். உருமம் நெருங்குகிறது. இது மாரிக்கனி இல்லை. தெரிந்த ஆளின் உருவத்தில்தான் அது வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டது நினைவுக்கு வந்தது.

"பொன்னுச்சாமியண்ணே, வழியில யாரும் நிக்காகளா?"

"பேசாதீக, செட்டியாரே." பொன்னுச்சாமி கண்ணை மாட்டின் முதுகைவிட்டு எடுக்கவில்லை. "நிக்குது. நீங்க பேசாதீக."

சௌடையா கண்ணை இறுக மூடிக்கொண்டு, வீட்டுப் பேச்சான கன்னடத்தில் குலதெய்வம் சௌடேஸ்வரியைக் கூப்பிட்டார். கண்ணைத் திறந்தபோது தடம் காலியாக இருந்தது. மாடுகள் தாமாகவே நடந்தன.

மணி 12.10.

இடது பக்கம் அறுபது தப்படியில் ஒரு மொட்டைக் கிணறு. சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணறு. தண்ணீர் வற்றிப் பல வருஷம். மாடு கட்டித் தண்ணீர் இறைத்த பழைய கமலைத் தூண் இரண்டு மட்டும் நின்றன. காற்று இல்லை. பறவை இல்லை.

முதலில் ஒரு சத்தம்.

ம்ஹீ... ம்ஹீ...

பூனைக்குட்டியா?

இல்லை. பிள்ளை.

அழுதது. நின்றது. மறுபடி அழுதது. மெல்லிசாக, நூல் இழுப்பது போல.

பிறகு அந்தக் குரல்.

"அண்ணே... அண்ணே..."

வண்டிச் சத்தத்தைக் கேட்டுக் கூப்பிடுகிற குரல்.

பொன்னுச்சாமி மூன்று தடவை துப்பினார். "திரும்பாதீக. ஒருத்தரும் திரும்பாதீக."

துரைசானி வண்டியிலிருந்து குதித்துவிட்டாள். முகமெல்லாம் பூரிப்பு. "நான் இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்! நண்பகல் ஆவி! சௌடையா, இது அதுதானே?" கிணற்றைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

சௌடையா பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். அதுவரை அவர் அவளைத் தொட்டதே இல்லை.

"போகாதீகம்மா. எட்டிப் பாத்தா இழுத்துக்கிரும். கும்பிட்டுக் கேக்கேன்."

அவள் நின்றாள். அவர் பிடியை விடவில்லை. வேறொரு வெள்ளைக்காரியாக இருந்தால் போடா மூடனே என்று உதறிவிட்டுப் போய் எட்டிப் பார்த்திருப்பாள். இவள் இந்தத் தேசத்தை நேசிக்கிறவள். இதன் ஜனங்களின் நம்பிக்கையைப் புண்படுத்த மாட்டாள்.

"நான் உங்கள் வழக்கத்தை மதிக்கிறேன்" என்றாள்.

ஸ்டாண்டை அங்கேயே விரிக்கச் சொன்னாள். அறுபது தப்படி தள்ளி.

பிளேட்டைச் செருகினாள்.

"அழகு" என்றாள்.

ஒன்று.

"அண்ணே..."

இரண்டு.

ம்ஹீ...

மூன்று.

மூடியை மூடிய பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை. பிள்ளை மட்டும் அழுதுகொண்டிருந்தது. சௌடையா நோட்டில் எழுதினார்: 12.10. பேய்க் கிணறு. ஆள் இல்லை. வண்டி ஏறி, மாட்டை விரட்டி, இரண்டு மணிக்கு நரிக்குடி போய்ச் சேர்ந்தார்கள். அங்கே நாலு பேர் கூடி ஆவலாகக் கதை கேட்டார்கள். புதன்கிழமை ராத்திரி பிள்ளையோடு ஒரு பெண் வந்தாளா என்று சௌடையா மெதுவாக விசாரித்தார். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். அப்போதும் அவர் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டைக்குத் திரும்பும் வழியில் அந்தப் பக்கத்துத் தலையாரி பால்ச்சாமி எதிரே வந்தார். பொன்னுச்சாமிக்குத் தெரிந்தவர். வண்டியை நிறுத்திப் பேசினார்கள்.

"மொட்டைக் கெணத்துல ஒரு பொம்பள பிள்ளையோட விழுந்து கெடந்துச்சு. புதங்கெழம இருட்டுற நேரம் குறுக்கால போனது, கெணறு தெரியாம விழுந்திருக்கு. இடுப்பு ஒடிஞ்சு போச்சு. நேத்துச் சாயங்காலந்தான் தூக்குனோம்."

"விழுந்ததும் போயிருச்சா?" பொன்னுச்சாமிதான் கேட்டார்.

"அப்படிப் போயிருந்தா நல்லாருந்திருக்கும். தூக்கும்போது தாய் ஒடம்புல சூடு ஆறல. பிள்ளை வெள்ளிக்கெழம ராத்திரி போயிருக்கணும். அதுவரைக்கும் பால் குடுத்திருக்கு, மண்ணத் தட்டிவிட்டு, முந்தானையால மூடி வச்சிருக்கு. ரெண்டு நாளா அழுகைச் சத்தம் கேட்டிருக்குங்க. ஆடு மேய்க்கிறவன் அத்தன பேரும் கேட்டிருக்கான். பேய்னு சுத்திப் போயிருக்கான். ஒருத்தன் எட்டிப் பாத்திருந்தா ஒரு கயித்துல தூக்கியிருக்கலாம். ஆழங்கூட அதிகமில்ல."

சௌடையா வண்டியிலிருந்து இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

"என்ன நேர்ந்தது?" என்று துரைசானி கேட்டாள்.

"வெயிலும்மா" என்றார். தலையாரி சொன்னதையும் அவர் மாற்றிச் சொல்லவில்லை. அவள் கடைசி வரை ஒன்றும் தெரியாமலே யுத்தம் முடிந்ததும் கப்பல் ஏறினாள்.

கிணற்றில் கேட்டது பேய் இல்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். உயிரோடு இருந்த ஒரு பெண், தெரிந்த குரலைக் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். ஆனால் இடுப்பு ஒடிந்து கிணற்றுக்குள் கிடந்தவள், அன்று 11.20க்குக் கண்மாயில் எப்படி நின்றாள்? 11.45க்கு வளைவில் நின்றது யார்? செத்தவர்கள் ஆவியாக வருவதைக் கேட்டிருக்கிறேன். சாகாதவள் வந்து, தன்னைத் தூக்கச் சொல்லிக் கூப்பிட்டதை இதில்தான் கேட்டேன். நேராக நின்றதற்கும் எனக்கு அர்த்தம் தெரியாது.

படம் அருமையாக வந்திருந்தது. வெடித்த நிலம், இரண்டு தூண், நடுவே கிணற்று வாய். ஆவியும் இல்லை, புகையும் இல்லை. துரைசானி ஞாபகத்துக்கு ஒரு பிரதி போட்டுச் சௌடையாவுக்குக் கொடுத்தாள்.

சித்திரை மாதம் காக்கி உடுப்பில் ஒருவன் நெசவாளர் தெருவில் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தான். கோட்டைச்சாமி. லீவில் வந்திருந்தான்.

"செட்டியாரே, எம் பொண்டாட்டியயும் பிள்ளையயும் நீங்க படம் எடுத்ததாக் கடுதாசியில எழுதிருந்தா."

சௌடையா திண்ணையில் இடம் காட்டினார். அவன் உட்காரவில்லை.

"பங்குனி மாசம் வெள்ளிக்கெழம, நான் பூனாவுல பட்டாளத்து வாசல்ல காவலுக்கு நின்னேன். பன்னெண்டு மணி அடிச்சுக் கொஞ்ச நேரம் இருக்கும். எதுத்தாப்புல பிள்ளையோட வந்து நின்னா. வந்து பாருங்கன்னா. வெயில்ல கண்ணு மயங்குதுன்னு நெனச்சேன். உருமத்துல கூப்பிட்டா ஏறெடுத்துப் பாக்கக் கூடாதும்பா எங்க ஆத்தா. கண்ண மூடிக்கிட்டேன்."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"பிள்ளைய முந்தானையால மூடி வச்சிருந்தா. மொகம் தெரியல. அதான் படம் கேக்கேன். எஞ்சாடைதானான்னு ஒரு தடவ பாத்துக்கிறேன்."

சௌடையா உள்ளே போனார். அவரிடம் இருந்தது அந்த ஒரே படம். அதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கோட்டைச்சாமி திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல எங்க இருக்காக?"

சௌடையா கிணற்று வாயில் விரலை வைத்தார். "இதுக்குள்ள. இத எடுக்கும்போது ரெண்டு பேரும் உசிரோட இருந்தாக."

கோட்டைச்சாமி வாசலுக்கு வந்தான். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் பிள்ளையின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.